லேபிள் தம்பி

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் எடுத்துப் பார்க்கவே வேண்டாம், லேபிள் தம்பிதான். "அண்ணா, இதுல எது நல்லாருக்குங்?" கீழே ஆறு படம். ஆறிலும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. ஒன்றில் மீசை மேலே பார்க்கிறது, ஒன்றில் கீழே. மற்ற நாலையும் பிரித்தறிய, 'ஆறு வித்தியாசம்' போட்டுப் பழகிய கண் வேண்டும்.

காரவள்ளியில் ஆரம்பித்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் இவனைப் போல ரெண்டு பேரையாவது பார்த்துவிடலாம். மிளகோ, காபியோ, தேனோ, கையில் கிடைத்ததை 'பிராண்டு' ஆக்கிவிட வேண்டும். இதே மலையில் பெண்கள் குழுவாய்ச் சேர்ந்து, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, சாமையும் தினையும் பொட்டலம் போட்டு விற்றிருக்கிறார்கள். அங்கே முதல் கவலை சாமையை உரலில் குத்தி மாளாத கைகளுக்கு ஒரு மெஷின். நம்ம தம்பிக்கு முதல் கவலை மீசை.

முதலில் தன் மிளகுக்கு 'கொல்லிமலை' என்றுதான் பெயர் வைத்தான். வெறும் ஊர்ப்பெயரை வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய 1999ஆம் வருஷச் சட்டம் லேசில் விடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தான் ஓரியை. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறதல்லவா, அந்த ஐந்தும் லேபிளில் வந்தாக வேண்டுமாம். பை 100 கிராம் பை. யானைக்கே இடம் போதவில்லை. அம்பு நேராகப் போய், எடையும் விலையும் பேக்கிங் தேதியும் அச்சடிக்க வேண்டிய இடத்தில் குத்தி நின்றது. கடைசியில் கிடந்த உடும்பு சுருங்கிப் பல்லியாகிவிட்டது. சேலத்தில் ஒரு அம்மா பொட்டலத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாராம்: "மிளகு கேட்டா பல்லியும் சேத்தா குடுப்பீங்க?"

உடும்பு போயிற்று. பன்றிக்கு யாரோ முகம் சுளித்தார்கள். புலியைப் பார்த்தால் தலைவலித் தைல ஞாபகம் வருகிறது என்று நானேதான் சொன்னேன், என் தப்பு. யானையும் இறங்கிப் போக, மான் மட்டும் மிஞ்சியது. அந்த மான் மூன்று மாசம் ஓடியது. நன்றாகவே ஓடியது.

இடையில் பதிவே ஆகாத பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டு வைத்திருந்தான். அது சட்டப்படி தப்புடா என்று சொல்லி எடுக்க வைத்தேன்.

மிளகைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காபிச் செடிக்கு நடுவே சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, கொடியிலிருந்து கொத்துக் கொத்தாய் அவனேதான் பறிக்கிறான். காய்ந்ததா என்று ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றை நசுக்கி நம் மூக்கருகே நீட்டுவான். தும்மி முடித்து நிமிர்ந்தால், பெற்ற பிள்ளை பரிசு வாங்கிய மாதிரி நின்றுகொண்டிருப்பான். அந்த நேரத்தில் லேபிள் ஞாபகமே அவனுக்கு வராது.

எனக்குத்தான் வருகிறது. "அந்த மான் படம் போட்ட மிளகையே வாங்குங்க, ரசத்துக்கு அதுதான்" என்று வீட்டில் சொல்ல, ஒரு கிலோவுக்குப் பணம் போட்டு மாசம் ரெண்டாகிறது. மிளகு காய்ந்து சாக்கில் கிடக்கிறது, எனக்கு வரவில்லை. போன் போட்டேன்.

"மானை எடுத்துட்டனுங்ணா. ஓரி இல்லாம மான் மட்டும் நின்னா வரலாறு எங்கீங்?"

"மிளகு அதேதானேப்பா?"

"அதேதானுங். லேபிள்தான் இன்னும் வரலீங்."

"மஞ்சப்பையில கட்டி பஸ்ஸுல குடுத்து விடேன்."

"ஐயோ, பிராண்டு என்னாகறதுங்ணா!"

"சரி, புதுப் பேரையாவது சொல்லு, வீட்ல சொல்லணும்."

"ராத்திரி அனுப்பறனுங். ஆறு இருக்குது."