சட்டைப்பைத் தாத்தா

தாத்தாக்களில் பல ரகம். வாக்கிங் தாத்தா, பென்ஷன் தாத்தா, பால் பூத்தில் நின்றபடியே அரசாங்கத்தைக் கவிழ்க்கும் தாத்தா என்று பலரை நமக்குத் தெரியும். சட்டைப்பைத் தாத்தாவை மட்டும் அவ்வளவு சுலபமாக அடையாளம் காண முடியாது. வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் ஒரு பேனா, கண்ணாடிக் கூடு, மாநகரப் பேருந்தின் மூத்த குடிமக்கள் டோக்கன். இதெல்லாம் வெளியே தெரிய வைத்திருப்பவை. இவற்றுக்கு அடியில், நான்காக மடித்த கைக்குட்டைக்குள், பேத்தியின் ரப்பர் நிப்பிள் இருக்கிறது. வீட்டார் கணக்கில் அது தொலைந்துபோய்ப் பல நாளாகிறது.

இந்த வகைத் தாத்தா பெரும்பாலும் கண்டிப்பான அப்பாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் விரல் சூப்பிய காலத்தில் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவியவர், அதற்கும் மசியாதபோது மர ஸ்கேலை எடுத்தவர். "எங்கப்பாவா இது?" என்று மகனே வாயடைத்து நிற்கிறான். பேத்திக்கு இரண்டேகால் வயது. நிப்பிளை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்ததும் எல்லாருக்கும் முன்னால் தலையாட்டியவர் இவர்தான். "நிறுத்திட வேண்டியதுதான். இதெல்லாம் கெட்ட பழக்கம்." சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குக் காற்று வாங்கப் போனார். பேத்தியையும் தூக்கிக்கொண்டு போனார்.

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர் என்பதால், டாக்டர்கள் சொல்வதை இவர் அரசாணையாகத்தான் படிப்பார். அதாவது, விதியைத் தாண்டிக்கொண்டு விதிவிலக்கு எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தேடுவார்.

"ராத்திரி நிப்பிளோட தூங்கினா குழந்தைக்கு நல்லதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கும்மா."

"அது ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு மாமா. தூக்கத்துல திடீர்னு உயிர் போற ஆபத்து குறையும்னு சொன்னது. இவளுக்கு ரெண்டு முடிஞ்சாச்சு."

"வயசு வரம்பெல்லாம் தளர்த்திக்கலாம்."

பழைய விதிகளும் இவருக்கு அத்துப்படி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிள் கொடுக்கவே கூடாது என்று ஒரு நெறி இருந்தது. 2018இல் அதைத் திருத்தி, நிப்பிளால் வரக்கூடிய கெடுதலைத் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். தாத்தா இதைப் பேப்பரில் படித்த அன்று வீடு முழுக்க வாசித்துக் காட்டினார். திருத்தம் வந்தது வரைக்கும்தான் வாசித்தார். கெடுதல் என்ற சொல் வரும் இடத்தில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது.

பல் டாக்டரிடம் போனபோது இவரும் கூடவே போனார். மூன்று வயதுக்குள் விட்டுவிட்டால் பல் வரிசை பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், அதற்கு மேலும் நீடித்தால் மேல்பல் முன்னால் தள்ளும், வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விழும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாள் முழுக்க வாயில் வைத்திருக்கும் குழந்தைகளுக்குக் காதுக்குள் சீழ் பிடிப்பதும் அதிகம் என்றார். தாத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எம்பையன் ஏழு வயசு வரைக்கும் விரல் சூப்பினான் டாக்டர், பல்லு முத்து மாதிரி இருக்கு" என்றார். "அந்த முத்துக்குத்தான் காலேஜ்ல ரெண்டு வருஷம் கம்பி கட்டினாங்க" என்று மருமகள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு பாட்டி களத்தில் இறங்கினாள். பால் மறக்கடிக்க ஊரில் காலங்காலமாக இருப்பது வேப்பெண்ணெயும் சோற்றுக்கற்றாழையும்தான். அப்போது வெளியே தெரிய ஒரு நிப்பிள் இருந்தது. பாட்டி அதை வேப்பெண்ணெயில் தோய்த்து வைத்தாள். குழந்தை வாயில் வைத்தது, முகத்தைச் சுளித்தது, எடுத்தது, நேராகத் தாத்தாவிடம் வந்து நீட்டியது. "தாத்தா, கழுவு." தாத்தா வாஷ்பேசினில் கழுவினார். கொதிக்கவைத்த வெந்நீரில் ஒருமுறை முக்கினார். கசப்பு போய்விட்டதா என்று தன் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கழுவிக் கொடுத்தார். கசப்பும் காரமும் தடவிப் பயமுறுத்துவதைக் குழந்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை. இந்த வீட்டில் அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மகன் யூடியூபில் வேறொரு வழி கண்டுபிடித்தான். டென்மார்க்கில் நிப்பிள் மரம் என்றே ஒன்று உண்டு. கோபன்ஹேகனின் ஃப்ரெடரிக்ஸ்பெர்க் பூங்காவில் கிளைகொள்ளாமல் நிப்பிள்கள் தொங்கும். நிப்பிளை விடும் வயது வந்த குழந்தை, தானே வந்து ரிப்பனில் கட்டிவிட்டு டாட்டா காட்டிவிட்டுப் போகும். ஆசைப்பட்டால் அப்புறம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பலவந்தம் இல்லை, பொய் இல்லை, காக்கா தூக்கிக்கொண்டு போன கதை இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த வழி. இவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மெண்ட் வாசல் புங்கமரத்தில் சிவப்பு ரிப்பனில் கட்டினார்கள். கைதட்டினார்கள், கேசரி சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் வந்து மகனிடம் சொன்னார்: "சார், பெரியவர் ஸ்டூல் கேட்டு வாங்கினாருங்க. மரத்துலேர்ந்து என்னமோ அவுத்தாரு. ரிப்பனை மட்டும் என்கிட்ட குடுத்துட்டாரு."

தடயங்கள் இல்லாமலில்லை. மாடியிலிருந்து இறங்கும் பேத்தியின் உதட்டைச் சுற்றி வட்டமாக ஒரு சிவந்த தடம் இருக்கும். தாத்தாவின் சட்டைப்பையில் ரூபாய் அகலத்துக்கு ஈரம். கேட்டால், "பேனா கசியுது." அது ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் பேனா. கசிந்ததில் நிறமே இல்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்? பாசம் என்று எல்லாரும் சொல்வார்கள். அழுகை தாங்காது என்பதும் உண்மைதான். டிவி சத்தத்தை நாற்பதில் வைத்துக் கேட்பவருக்கு, மூன்றாவது அறையில் குழந்தை மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடும். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை என்றே எனக்குப் படுகிறது. அந்த வீட்டில் தூளியும் தாலாட்டும் மருமகள் கையில், பருப்புசாதமும் நிலாக் கதையும் பாட்டி கையில், செல்போனும் கார்ட்டூனும் மகன் கையில். தாத்தாவின் கையில் என்ன இருந்தது? ஒரு காலத்தில் அவர் கையெழுத்துக்காக வராந்தாவில் வரிசை நின்றது. ஓய்வு பெற்றபின் அவரிடம் ஒப்புதல் கேட்டு யாரும் நிற்பதில்லை, இந்தப் பேத்தி ஒருத்தியைத் தவிர. தினம் நாலு மணிக்கு வந்து, பையைத் தொட்டு, "தாத்தா?" என்கிறாள். மனு வந்துவிட்டது. அதைத் தள்ளுபடி செய்ய எந்த அதிகாரிக்கு மனம் வரும்?

கடைசியில் காரியம் முடிந்த விதம் சாதாரணமானது. கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய மகள் வீட்டில் கிரகப்பிரவேசம். தாத்தா பத்து நாள் முன்னதாகவே போக வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் மருமகள் வேலையைக் கச்சிதமாக முடித்தாள். பகலில் கிடையாது, தூளியில் மட்டும்தான் என்று முதலில் குறைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலும் கைப்பையிலும் சோபா இடுக்கிலும் கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஒரேயடியாக அப்புறப்படுத்தினாள். ராத்திரி அணைத்துக்கொள்ள ஒரு துணி முயலைக் கொடுத்தாள். குழந்தை இரண்டு ராத்திரி அழுதது. மூன்றாம் ராத்திரி முயலின் காதைத் திருகிக்கொண்டே தூங்கிப்போயிற்று. காய்ச்சல், வீடு மாற்றம், தம்பிப் பாப்பா என்று எந்தக் குழப்பமும் இல்லாத வாரமாகப் பார்த்துத்தான் அவள் ஆரம்பித்திருந்தாள். அதில் பாதி வெற்றி.

தாத்தா திரும்பி வந்தார். நாலு மணிக்கு மொட்டைமாடி. கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார். பேத்தி வாங்கிப் பார்த்தாள். முயலின் வாயில் வைத்து அழுத்தினாள், நிற்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அதனால் அவர் இடிந்து போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுநாளே பூங்கா பெஞ்சில் மூன்று தாத்தாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "அதட்டி உருட்டினா ஆகாது சார். குழந்தை மனசு தெரியணும். எங்க வீட்ல நான்தான் பக்குவமா நிறுத்தினேன்." கேட்டவர்களில் ஒருவர் தன் சட்டைப்பையை மெல்லத் தடவிக்கொண்டார்.

ஆகவே, நிப்பிளை நிறுத்த நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வயது தாண்டியதும் குறைக்கத் தொடங்குங்கள், மூன்று முடிவதற்குள் நிறுத்திவிடுங்கள். அந்த வாரத்தில் தாத்தாவுக்கு உறவினர் ஊருக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். கீழ் பெர்த்தாக இருக்கட்டும். கிளம்பும்போது அவர் சட்டைப்பையைச் சோதிக்க வேண்டாம். அதை அவர் கையோடு எடுத்துக்கொண்டு போவதுதான் உங்களுக்கு நல்லது.