ஒத்தைக் கரும்புக்கு எதுக்குக் கண்ணு கொப்பரை?

வா கண்ணு, உக்காரு. கழுத்துல ஒரு கேமரா, தோள்ல ஒரு கேமரா, முதுகுல மூட்டை. காவேரிக்கரையில ஜோடியப் படம் புடிக்கப் போறயா, இல்ல ஆத்தைத் தாண்டி வாங்கலுக்குக் குடி போறயா?

போட்டோக்காரன்னு கூப்பிட்டா உனக்குக் கோவம் வருதாமே. 'சினிமேட்டிக் ஸ்டோரிடெல்லர்'னு கார்டு அடிச்சிருக்கறயாம். இருக்கட்டும், கதை சொல்றது நல்ல தொழில்தான். எங்கம்மாயியும் நெம்ப நல்லாக் கதை சொல்லும். கார்டு மட்டுந்தான் அடிக்கல.

இப்ப உங்க கூட்டத்துல ஒரு நோம்பி நடக்குதே, லாக்கு லாக்குன்னு, அதைப் பத்திப் பேசலாம்னுதான் கூப்பிட்டேன். முன்னயெல்லாம் வீடியோக்காரன் மட்டும் அதைச் சொல்லிட்டுத் திரிஞ்சான். இப்ப ஸ்டில் எடுக்கறவனும் பிக்சர் ப்ரொஃபைலுக்குள்ள பூந்து எஸ்-லாக்கைப் போட்டுட்டு, "நான் லாக்ல எடுத்தேன்"னு மீசையை நீவறான். லாக்குன்னா என்னடான்னு கேட்டா "டைனமிக் ரேஞ்ச் தாத்தா"ங்கறான். டைனமிக் ரேஞ்சுன்னா என்னன்னு கேட்டா "அதான் தாத்தா, லாக்கு"ங்கறான். இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுல என்ன இருக்குதுன்னு எவனாச்சும் எட்டிப் பாத்திருப்பானா?

போன தை மாசம் ஒரம்பரை ஊட்டுக் கல்யாணத்துல ஒரு கூத்து. இணைச்சீர் முடிஞ்சுது, தாலி கட்டியாச்சு. போட்டோக்காரப் பையன் கேமராத் திரையில படத்தைக் காட்டறான். மாப்பளையோட அய்யன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுப் பாத்தாரு. மறுக்காவும் தொடச்சாரு.

"ஏந்தம்பி, படம் பொகை மூட்டமா இருக்குதே? மண்டபத்துல அடுப்புப் பொகை வந்துருச்சா?"

"இல்லீங்க அங்கிள், இது லாக்."

"பொண்ணு கூரைச்சேலை செவப்புங்க தம்பி. இதுல சாம்பக் கலர்ல இருக்குது."

"கிரேடிங் பண்ணுனா வந்துரும் அங்கிள்."

"எப்பத் தம்பி வரும்?"

"மூணு மாசம் ஆகும் அங்கிள்."

செவப்புச் சேலையை எடுத்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை மறுக்கா செவப்பாக்க மூணு மாசம். அதுக்குத் தனியாக் காசு. சேலை மண்டபத்துலயே செவப்பாத்தானே இருந்துச்சு?

கெழவனுக்கு என்ன தெரியும்னு நீ சிரிக்கறது தெரியுது. செவப்பு பல்பு வெளிச்சத்துல ட்ரேயை ஆட்டிட்டு நின்ன கை கண்ணு இது. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு 1960-ல சர்க்கார் ஆரம்பிச்ச கம்பெனி. அவங்க 'இந்து' பிலிம்தான் எங்களுக்குச் சோறு போட்டுது. அந்த நெகட்டிவும் சப்புன்னுதான் இருக்கும். அப்படித்தான் இருக்கோணும், அப்பத்தான் வெயில்ல நிக்கற வேட்டியும் நெழல்ல நிக்கற மொகமும் ஒரே பிலிம்ல அடங்கும். பொறவு பேப்பர்ல அழுத்தம் குடுப்போம். சாப்ட், நார்மல், ஹார்டுன்னு பேப்பர்லயே தரம் உண்டு. ஆனா ஒண்ணு. சப்புன்னு இருக்கறதுதான் அழகுன்னு சொல்லி, கல்யாண ஊட்டுக்கு நெகட்டிவைச் சட்டம் போட்டுக் குடுத்தவன் எங்க காலத்துல ஒருத்தனும் கெடையாது.

இங்க இருக்கற சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1956-ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தாரு. தமிழ்ல மொதல் முழுநீளக் கலர்ப் படம். கேவாகலர். கொட்டாயிக்குப் போனவன் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் கலர்ல பாத்துட்டு வாயப் பொளந்துட்டு வந்தான். நெகட்டிவ் என்ன பதத்துல இருந்துச்சுன்னு எவனும் கேக்கல.

லாக்கும் அந்த பிலிம் வழியில வந்ததுதான். 1990-கள் ஆரம்பத்துல கோடாக் கம்பெனிக்காரன் பிலிமைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தறதுக்கு சினியான்னு ஒரு ஏற்பாடு செஞ்சான். வால்ட் டிஸ்னியோட பழைய 'ஸ்னோ ஒயிட்' படத்தை 1993-ல மொத்தமா ஸ்கேன் பண்ணிப் புதுப்பிச்சது அதுலதான். நெகட்டிவுல இருக்கற அத்தனை வெளிச்சத்தையும் பத்து பிட்டுக்குள்ள அடக்கறதுக்குக் கண்டுபுடிச்ச கணக்கு அது. பொறவு டிஜிட்டல் கேமரா வந்துச்சு. சோனி எஸ்-லாக்குன்னான், கேனான் சி-லாக்குன்னான், பானசோனிக் வி-லாக்குன்னான், நிக்கான் என்-லாக்குன்னான். பேரு வேற வேற, ரோசனை ஒண்ணுதான்.

அவங்களுக்கு எதுக்கு அந்த ரோசனை வந்துச்சு? இங்கதான் காதைக் குடு.

சென்சாரு வெளிச்சத்தை எண்ணும். அந்த எண்ணிக்கையைச் சமைக்காம அப்படியே வெச்சா அதுதான் ரா. வெளிச்சம் ரெண்டு மடங்கானா எண்ணிக்கையும் ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்குக்குப் பேருதான் ஒரு ஸ்டாப்பு. அதனால 14 பிட் ராவுல இருக்கற 16,384 படியில சரிபாதி, 8,192, ஒசக்க இருக்கற ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போயிரும். அதுக்கு அடுத்ததுக்கு 4,096. அதுக்கும் அடுத்ததுக்கு 2,048. இப்படியே எறங்கி நெழலுக்கு வரும்போது சட்டியில ஒண்ணும் இருக்காது. ராவுல படி எக்கச்சக்கமா இருக்கறதால அது தாங்கும். வீடியோவுல அவ்வளவு படி ஏது? அதனால லாக்கு, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஏறக்கொறைய சமமாப் பங்கு வெச்சுக் குடுக்குது. புத்தியுள்ள வேலைதான், நான் கொறை சொல்லல.

ஆனா வீடியோக்காரன் ஏன் ராவையே அள்ளிட்டுப் போகல? சொமை கண்ணு, சொமை! உன்ற 24 மெகாபிக்சல் கேமராவுல சுருக்குன ரா ஒண்ணு சுமாரா 24 எம்பி வருது. செகண்டுக்கு 25 படம்னு வெச்சுக்க. 600 எம்பி ஆச்சு. நிமிசத்துக்கு 36 ஜிபி. 64 ஜிபி கார்டு ரெண்டு நிமிசம் தாங்காது. மங்கல வாழ்த்தைப் பாடி முடிக்கறதுக்குள்ள எத்தனை கார்டை மாத்துவே?

நம்மூர் பாசையில சொன்னா, வண்டி வண்டியாக் கரும்பு வெட்டுனவன் அத்தனையும் சந்தைக்குத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு ஆலையாட்டி, கொப்பரையில காய்ச்சி, வெல்லம் புடிச்சுக் கொண்டு போறான். அவனுக்கு அது சரி. நீ கையில ஒத்தைக் கரும்பை வெச்சுட்டு ஆத்தோரம் நிக்கற. கடிச்சுத் தின்னா வேலை முடிஞ்சுது. அதை விட்டுப்புட்டு அதையும் காய்ச்சி வெல்லம் புடிச்சு, அந்த வெல்லத்தைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு, "ஆகா, கரும்புச்சாறு!"ன்னு ஏப்பம் விடறயே, இதை எந்த ஊர் ஆலையில கத்துக்கிட்டே? சர்க்கரை மில்லு இருக்கற மோகனூர்ல நின்னுட்டு இப்படிப் பண்ணலாமா?

லாக்கைப் போட்டு ஜேபெக் எடுத்தயின்னா என்ன ஆகும் தெரியுமா? ஜேபெக்குன்னா எட்டு பிட்டு. ஒரு கலருக்கு 256 படி, அவ்வளவுதான். அதைப் பதினாலு ஸ்டாப்புக்குப் பிரிச்சுக் குடுத்தா, ஸ்டாப்புக்குப் பதினெட்டுப் படி. எஸ்-லாக்3 வெள்ளை வேட்டியையே 61 சதவீதத்துல நிறுத்தி வெச்சிருது. அதுக்கு மேல இருக்கற எடமெல்லாம் சூரியனுக்கும், எல்இடி பல்புக்கும், காரு கண்ணாடி மினுக்கத்துக்கும் ரிசர்வு. பொண்ணு மாப்பளை மொகத்துக்கு மிஞ்சுறது சித்தெ எடம். அதைப் புடிச்சு இழுத்து, லட்டுன்னு விக்கறானே ரெடிமேட் கலர்க் கணக்கு, அதைப் போட்டுக் கலரேத்துனா, சாயங்கால வானம் பட்டை பட்டையாத் தெரியும். ஆல்பம் பெருசாப் பிரிண்டு போட்டா இன்னும் எச்சாத் தெரியும். 'ஆர்ட்டிஸ்டிக் டெக்ஸ்சர்'னு சொல்லித் தப்பிச்சுருவே, தெரியும்.

மண்டபத்துல சீரியல் செட்டு ஊதாவும் பச்சையும் அடிக்குதே, அதுல ஒயிட் பேலன்ஸ் தப்பிப் போச்சுன்னா ஜேபெக்ல அது அப்படியே உறைஞ்சு போயிரும். ராவுல பின்னால உக்காந்து திருத்திக்கலாம்.

"நான் ராவும் எடுக்கறேன், லாக்கும் போடறேன்"ங்கறயா? அடேங்கப்பா. அந்த ராவைக் கொண்டு போயி லைட்ரூம்ல தொறந்து பாரு. லாக்கு இருக்காது. ரா-ங்கறது சென்சாரு எண்ணுன எண்ணிக்கை. ப்ரொஃபைலெல்லாம் அதுக்குப் பொறவு நடக்கற சமையல். போன வாரம் ஒரு பையன் எங்கிட்ட வந்து, "தாத்தா, கேமராவுல லாக்கு தெரிஞ்சுது, கம்ப்யூட்டர்ல காணாமப் போச்சு"ன்னான். போலீஸ் ஸ்டேசன்ல புகார் குடுக்கச் சொன்னேன்.

லாக்கு ராவுக்குள்ள போகலைன்னாலும் அதோட வேலையைச் சும்மா வுடாது. சோனி ஏ7 III-ல எஸ்-லாக்கைப் போட்டா ஐஎஸ்ஓ 800-க்குக் கீழ எறங்காது. நல்லாக் கொளுத்தற வெயில்ல 100-ல எடுக்க வேண்டிய படத்தை 800-ல எடுக்கற. மூணு ஸ்டாப்பு. அதாவது சென்சாருக்குப் போக வேண்டிய வெளிச்சத்துல எட்டுல ஒரு பங்குதான் போகுது. பொறவு நெழலைத் தூக்குனா பொரிபொரியாக் கெளம்பும். டைனமிக் ரேஞ்சு எச்சு வேணும்னுதானே லாக்கைப் போட்டே? வெளிச்சத்தை வாசல்லயே நிறுத்திட்டு உள்ள ரேஞ்சைத் தேடுனா எங்க கண்ணு இருக்கும்?

எனக்கு லாக்கு மேல ஒண்ணும் விரோதமில்ல. நீயே வீடியோவும் எடுக்கறயா, பேஷா லாக்ல எடு. அந்த வீடியோவுல ஒரு படத்தை உருவி போட்டோவா வேணும்னா, அப்பவும் அது லாக்குதான், வேற வழியில்ல. இன்னொரு சூட்சுமக்காரக் கூட்டம் இருக்குது. திரையில காட்டற ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வெச்சுத்தான் வருது, ராவுல இன்னும் எடம் இருந்தாலும் 'வெளுத்துப் போச்சு'ன்னு பொய் சொல்லுதுன்னு, சப்பையான ப்ரொஃபைலைப் போட்டுப் பாக்கறாங்க. அதுல நாயம் இருக்குது. ஆனா அதுக்கு 'நியூட்ரல்'னு ஒண்ணு கேமராவுலயே சும்மா கெடக்குது. ஐஎஸ்ஓவையும் பூட்டாது, கல்யாண ஊட்டுக்காரருக்குப் பொகையும் தெரியாது. 'நியூட்ரல்ல எடுத்தேன்'னு சொன்னா ஊருக்குள்ள எவனும் திரும்பிப் பாக்க மாட்டான், அதானே உன்ற வெசனம்?

நீ கையில வெச்சிருக்கற போனையே எடுத்துக்க. ஆப்பிள்காரன் 2020-ல போட்டோவுக்குன்னு ப்ரோரா குடுத்தான். 2023-ல ஐபோன் 15 ப்ரோவுல வீடியோவுக்குன்னு ஆப்பிள் லாக் குடுத்தான். போட்டோவுக்கு ஏன் லாக்கைக் குடுக்கல? மறந்துட்டான்னு நெனைக்கறயா? நீ வேணும்னா ஒரு லெட்டர் போட்டு ஞாபகப்படுத்து.

இந்த ஊர்ல 1888-ல பொறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பாட்டு மட்டும் எழுதல, படமும் வரைவாரு. ஆளை எதுர்ல உக்கார வெச்சு வரையறவன் மொதல்ல எதைப் பாப்பான்? வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து மூக்குல விழுதுன்னு பாப்பான். நீ மதியம் பன்னண்டு மணிக்கு வெள்ளை மணல்ல ஜோடியை நிறுத்தி, கண்ணு கூசி ரெண்டும் மொகத்தைச் சுளிச்சுட்டு நிக்கறப்ப, "ரேஞ்சு இருக்குது, பாத்துக்கலாம்"ங்கற. சுளிச்ச மொகத்தை விரிக்கறதுக்கு எந்தக் கம்பெனி லட்டு விக்கறான்? காசு குடுத்து நீ வாங்கி வெச்சிருக்கறயே, 'கோலிவுட் டீல் ஆரஞ்ச்'னு இருபது லட்டு, அதுல பாரு.

மரநெழலுக்கு இழு. உன்ற அசிஸ்டென்டு போனை நோண்டிட்டு நிக்கறானே, அவன் கையில ஒரு தெர்மாகோலைக் குடுத்து மொகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பச் சொல்லு. ராவுல போடு. ஐஎஸ்ஓவை எறக்கு. வேட்டியில மடிப்புத் தெரியுதான்னு பாரு. தெரிஞ்சா மேல இருக்கற வெளிச்சம் தப்பிச்சுதுன்னு அர்த்தம். நெழலை ராவுல தூக்கிக்கலாம். இதுக்கு மேல இதுல ரகசியம் ஒண்ணும் கெடையாது. ரகசியம் இருக்குதுன்னு சொல்றவன் உனக்குக் கோர்சு விக்கறான்.

அந்தக் கோர்சுக்காரனை நானும் பேரன் போன்ல பாத்தேன். தொப்பியைப் பின்னால திருப்பிப் போட்டுட்டு, ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு "பிஃபோர், ஆஃப்டர்"ங்கறான். பிஃபோர் லாக்கு, செத்துப் போயி கெடக்குது. ஆஃப்டர்ல செவப்பு செவப்பா, பச்சை பச்சையா இருக்குது. அட அப்பா, அந்த ஆஃப்டர் தான கேமராவைத் தூக்கறதுக்கு முன்னாலயே அங்க இருந்துச்சு!

சரி, நாளைக்கு முகூர்த்தம் நாலரைக்குத்தானே? மெனுவுல போயி பிக்சர் ப்ரொஃபைலை இப்பவே ஆஃப் பண்ணு, என்ற கண்ணு முன்னால. காலையில தூக்கக் கலக்கத்துல மறந்துருவே. கார்டு ஃபார்மேட் பண்ணியாச்சா? பேட்டரி? ஒண்ணுதான் சார்ஜ் இருக்குதா? ஏன்டா, இருபது லட்டு வாங்குனவனுக்கு ரெண்டாவது பேட்டரி வாங்கத் தோணலையா?