பெரியவருக்கு ஒரு பங்கு

கருங்கல் என்ற ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் லினக்ஸுக்கு மாறியிருந்தால், அது முற்பிறவிப் புண்ணியம். இருந்த டிஸ்க் நிரம்பி வழிய, மார்த்தாண்டம் போய் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கி வருகிறார். பெட்டியைத் திறந்து, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் சொருகி, நாலு திருகு முறுக்கினால் முடிந்தது. பாவம், வன்பொருளுக்கு மனிதனைச் சோதிக்கவே தெரியவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் லினக்ஸ் இருக்கிறது. வெற்று டிஸ்க் வந்திருப்பது அதற்குத் தெரியும். ஆனால் டெஸ்க்டாப்பில் படம் போட்டுத் தம்பட்டம் அடிக்கிற அற்பத்தனம் கிடையாது. டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிஎல்கே என்று பணிவாகக் கேட்டவருக்கு மட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்குகளின் பெயரைச் சொல்லும். இன்றைய எஸ்டிபி அடுத்த முறை இயக்கும்போது எஸ்டிஏ ஆகவும் கூடும். பெயரின்மேல் பற்று வைக்காத ஞானி அது. ஞானம் எட்டாத நம்மைப்போன்றவர்களுக்காக யூயூஐடி என்று மாறாத பெயர் ஒன்றும் வைத்திருக்கிறது. 36 எழுத்துதான், நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து அது நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. பழைய கோப்புகள் இருக்கும் டிஸ்கைத் தவறுதலாகக் காட்டிவிட்டால், டிஸ்கை வடிவமைக்கும் எம்கேஎஃப்எஸ் கட்டளைகூட இப்போதெல்லாம் ‘தொடரட்டுமா?’ என்று கேட்கும் அளவுக்குத் தரம் தாழ்ந்துவிட்டது. அப்படியே நகலெடுத்து எழுதும் டிடி கட்டளை மட்டுமே குலப்பெருமையைக் காக்கிறது. எழுதச் சொன்ன இடத்தில் எழுதும். அங்கே யாருடைய தாலிகட்டு இருந்தது என்று துருவிக் கேட்பது அநாகரிகம் அல்லவா?

அதன் மரியாதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2 டெராபைட் டிஸ்கை எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் வடிவமைத்தால், வழக்கப்படி 5 சதவீதத்தை, ஏறத்தாழ 100 ஜிகாபைட்டை, கணினியின் நிர்வாகியான ரூட் என்னும் பெரியவருக்கு ஒதுக்கிவைக்கும். வீடியோ மட்டுமே போடப்போகிற டிஸ்க். பெரியவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வரமாட்டார் என்று தெரிந்தும் இலை போட்டுக் காத்திருப்பதல்லவா கல்யாண வீட்டுப் பண்பு! டிஸ்கின் உரிமையும் முதலில் அவருக்கே. “பைசா குடுத்தவன் நானில்லா வே, எனக்கே அனுமதி இல்லியா?” என்று ஸ்டுடியோக்காரர் கேட்பது அவருடைய வளர்ப்பின் குறை.

தோழமைக்கும் பஞ்சமில்லை. கணினியை இயக்கும்போது டிஸ்கைத் தானாக இணைக்கச் சொல்லி எஃப்எஸ்டேப் கோப்பில் ஆறு புலம் கொண்ட ஒற்றை வரி எழுதியாயிற்று. ஒருநாள் கேபிள் தளர்ந்து இரண்டாவது டிஸ்க் வரவில்லை என்றால், கணினி 90 விநாடி அதற்காகக் காத்து நிற்கும். அப்புறமும் வராவிட்டால், குறையேதும் இல்லாத முதல் டிஸ்கையும் வைத்துக்கொண்டு அவசரநிலைக்குள் போய், கறுப்புத் திரையில் ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும். நண்பன் வராத இடத்தில் தனக்கு மட்டும் என்ன வாழ்வு? அந்த வரியில் நோஃபெயில் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். அதை முன்கூட்டிச் சொல்வது நம் அறிவைக் குறைத்து மதிப்பதாகிவிடும் என்றே சொல்லவில்லை.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் பார்த்த பிள்ளைகள் எல்லாம் இத்தனை மேன்மையைத் தாங்கமாட்டாமல் விண்டோஸுக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

எல்லாம் முடிந்து ஸ்டுடியோக்காரர் புது டிஸ்கைத் திறந்து பார்க்கிறார். ஒரு வீடியோகூட இன்னும் போடவில்லை. அதற்குள்ளேயே ‘தொலைந்தவையும் கிடைத்தவையும்’ என்ற பெயரில் ஓர் அடைவு தயாராக இருக்கிறது.