கொந்துராத்துக்காரர் வீட்டு இஞ்சினியர்

மன்னார்த் தீவில் வீடு கட்டுகிறவனுக்கு மூன்று எதிரிகள்: உப்பு, காற்று, உறவினர். முதல் இரண்டையும் சமாளிக்கும் விதத்தை மொறட்டுவையில் நான்கு வருடம் படிப்பித்தார்கள். மூன்றாவதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. அதைத்தான் இப்போது அப்பாவின் கட்டடக் கொம்பனியில் படித்துக்கொண்டிருக்கிறேன். விசிட்டிங் கார்டில் நான் பணிப்பாளர். வேலைத்தளத்தில், பின்னுக்கு வரும் மணல் டிப்பருக்கு "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டுகிற ஆள்.

அப்பா மேசன் கரண்டியோடு தொடங்கியவர். யுத்தம் முடிந்து இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோதுதான் கொந்துராத்துக்காரர் ஆனார். வடக்கு கிழக்கில் மட்டும் 46,000 வீடுகள். வீடொன்றுக்கு 550,000 ரூபாய். வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும், வேலை உயர உயரப் பணம் தவணையாக வரும். தவணை வரும்வரை லிண்டல் மட்டத்தில் வெயில் காய்ந்த வீடுகளை, கடன் சீமெந்து வாங்கிக் கூரைவரை கொண்டுபோனவர் அப்பா. அதனால் ஊரில் அவருக்கு நல்ல பெயர். சீமெந்துக் கடையில் மட்டும் வேறு பெயர்.

பெரிய வேலை எடுக்க வேண்டுமானால் 'சீடா' என்று நாங்கள் சொல்லும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையில் தரம் உயரவேண்டும். காசும் அனுபவமும் இருந்தால் போதாது; தகுதியுள்ள ஆளணியும் காட்டவேண்டும். அந்த ஆளணி நான்தான். என் பட்டச் சான்றிதழை அப்பா லமினேட் செய்து ரென்டர் ஃபைலில் வைத்திருக்கிறார். கொழும்புக்கு என்னைவிட அதுதான் அதிகம் போய் வந்திருக்கிறது.

இனி உப்பு. தீவின் மண்ணிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு, காற்றிலும் உப்பு. கொங்கிறீற்றுக்குள் குளோரைட் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். அதனால் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கவர் விடவேண்டும் என்றேன். அப்பா தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கம்பிக்கு ஏன் தம்பி இவ்வளவு தடிச்ச போர்வை? மன்னாரில குளிரோ?"

மணலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். எங்கள் மேசன் பாஸ் அதே மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பினார். "இது அருவியாத்து மணல் இல்லை, தம்பி. டிப்பர்காரன் கடற்கரையால சுத்தி வந்திருக்கிறான்." ஆய்வுகூட அறிக்கையும் அதையேதான் சொன்னது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் டிப்பர்காரன் திட்டு வாங்கி, மணலைத் திருப்பி ஏற்றி, வேறு லோட் கொண்டுவந்து, அதில் சுவரும் எழும்பிவிட்டது.

அப்பாவோடு விவாதிக்கப் போனால் அவர் நேரே மன்னார்க் கோட்டைக்குப் போய்விடுவார். "1560இல போர்த்துக்கேயன் கட்டினது. 1658இல ஒல்லாந்தன் பிடிச்சான். இண்டைக்கும் நிக்குது. ஏன் சொல்லு பாப்பம்?"

"ஏன்?"

"அதுக்குள்ள கம்பி இல்லை. துருப்பிடிக்க என்ன கிடக்கு?"

எரிச்சல் என்னவென்றால், அது முழுக்க முழுக்கப் பொறியியல். கல்லும் சுண்ணாம்பும் துருப்பிடிக்காது. பதிலுக்கு நான் அரிப்பு ஊருக்குப் போனேன். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கென்று 1800களின் தொடக்கத்தில் அங்கே கட்டிய மாளிகையிலும் கம்பி இல்லை. அது ஏன் கடலுக்குள் விழுகிறது? "அதுக்குக் கீழ நிலமே இல்லையே, தம்பி. அத்திவாரம் பாக்காமல் காட்சி பாத்துக் கட்டினவன்." கடலரிப்பைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் ஒரு தவணை முழுக்கச் சொன்னதின் சுருக்கம் அவ்வளவுதான்.

காற்றுக்கு வருவோம். கச்சான் எழும்பினால் திறந்த சீமெந்து மூடையில் பாதி பக்கத்து வளவுக்குப் போகும். தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30, 103.5 மெகாவாட்டுக்காகச் சுழல்கின்றன. 2020 டிசம்பரில் திறந்தது முதல் அப்பாவுக்கு அவற்றின்மேல் ஒரு மனத்தாங்கல்: "அதே காத்து அவங்களுக்குக் கரண்ட் குடுக்குது, எங்களுக்குச் செலவு வைக்குது." காற்றுக்கு ஒதுங்க இடம் தேடும் மன்னார்க் கழுதைகள் எங்கள் மணல் குவியலின் மறைவில் படுக்கும். ஒன்று விடியற்காலையில் எழும்பி, முதல் நாள் போட்ட பச்சைத் தரையில் உலாப் போனது. அளவெடுக்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், எங்கள் பேச்சில் ரீ.ஓ., குளம்படிகளைக் குனிந்து பார்த்து, அளவுப்பட்டியலைப் புரட்டி, "இது பி.ஓ.கியூவில இல்லையே" என்றார்.

உப்பும் காற்றும் கணக்குக்கு அடங்கும். உறவினர் அடங்கார். 2022இல் சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது, அத்தான் ஒருவர் ஆயிரம் ரூபாய்க் காலத்து மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "நீ எழுதித் தந்தது தானே?" எழுதியதில் செல்லுபடிக்காலம் முப்பது நாள் என்று இருந்தது. "அது வெளியாக்களுக்கு" என்றார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஆறுதல் சொன்னார் வாஷிங்டன் ரோப்ளிங். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தை வரைந்தவர் அவருடைய அப்பா ஜோன் ரோப்ளிங். 1869இல் இடம் பார்க்கப் போனவரின் பாதத்தைப் படகு நசுக்க, ஏற்புவலியில் இறந்துபோனார். ரென்சலியரில் பொறியியல் படித்து வந்த மகன் தலையில் பாலம் விழுந்தது. ஆற்றடியில் காற்றழுத்த அறைகளில் வேலை செய்து அவரும் நோயில் விழுந்தார்; ஜன்னலோரம் இருந்து தொலைநோக்கியால் வேலை பார்த்தார். அதற்குள் கம்பி கொடுத்த வியாபாரி, சோதனையில் தேறிய கம்பியை வழியில் மாற்றிக் கழித்த கம்பியைத் தள்ளிவிட்டது தெரியவந்தது. கட்டிய கம்பியைக் கழற்ற முடியாது. ஆனாலும் பாலம் பிழைத்தது. ஏனென்றால் வடங்களைத் தேவைக்கு ஆறு மடங்கு பலமாக வரைந்திருந்தார்கள். மேலதிகமாகக் கொஞ்சம் கம்பி சேர்த்து, 1883இல் திறந்தும்விட்டார்கள். எங்கள் டிப்பர்காரனுக்கு அமெரிக்காவிலும் சொந்தக்காரர் உண்டென்று அன்று அறிந்தேன்.

பாதுகாப்புக் காரணியை எங்களுக்குப் புயலுக்கும் பாரத்துக்கும் என்று படிப்பித்தார்கள். உண்மையில் அது மனிதருக்காக வைப்பது. இப்போது உறவினருக்கு மதிப்பீடு எழுதும்போது பீமுக்கு விடுவதைவிடக் காலத்துக்கும் காசுக்கும் கூடுதலாக விடுகிறேன். அத்தான் பேசிக் குறைத்தபின் மிஞ்சுவதுதான் சரியான விலை.

ரோப்ளிங் கதையில் இன்னொரு ஆளும் உண்டு. கணவன் படுக்கையில் கிடந்த வருடங்களில் கணக்கைப் படித்து, தளத்துக்குப் போய், பொறியியலாளர்களுக்குக் கட்டளை சொன்னவர் மனைவி எமிலி. எங்கள் கொம்பனியிலும் அப்படித்தான். சீல் என்னிடம், கையெழுத்து அப்பாவுடையது. சீமெந்துக் களஞ்சியத் திறப்பும் செக் புத்தகமும் அம்மாவிடம்.

நில அளவைக்கு ஒரு டோட்டல் ஸ்டேசன் வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். மட்டம் பார்க்கத் தண்ணிக்குழாய் இருக்கே என்றார். அம்மாவிடம் போனேன்.

"அதால உப்புப் பாக்கலாமோ?"

"ஏலாது, அம்மா. தூரம், உயரம், கோணம் எல்லாம் பாக்கலாம்."

"வீட்டை வெடிக்க வைக்கிறது உப்பு எண்டு நீதானே சொன்னனீ? பிறகு கோணம் பாத்து என்ன செய்யிறது?"

செக் புத்தகம் திறந்தது. மணல் கழுவ இரண்டு பெரிய பரலும், பவுசர் நல்ல தண்ணீரும் வந்தன. அடுத்த ரென்டரில் 'தர உறுதிப்பாட்டு முறைமை' என்ற தலைப்பின் கீழ் அந்தப் பரல் இரண்டையும் நாலு பக்கத்துக்கு எழுதி, படம் வரைந்து, சீல் குத்தினேன். வேலை எங்களுக்கே கிடைத்தது.