மேசனுக்கு முன் கிணற்றடி

கேள்வி: நாலு பரப்புக் காணியில வீடு கட்டப்போறம். ஞாயிற்றுக்கிழமை கொந்தராத்துக்காரர் முதன்முதலா வாறார். என்ன ஆயத்தம் செய்யவேணும்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தேத்தண்ணிக்கு முன்னமே மேசையில் மூன்று கடதாசி இருக்கட்டும், தங்கச்சி: உறுதியின் பிரதி, நில அளவைப் படம், செலவழிக்கக்கூடிய தொகை. மூன்றாவதை மனதுக்குள் வைத்தால் வீடும் மனதுக்குள்ளேயே நின்றுவிடும்.

பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப்போங்கள். எங்கள் குடாநாடு சுண்ணக்கல் பூமி; மலக்குழிக் கழிவு கல்வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றைத் தேடிவரும். வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவர் கிணற்றையும் காட்டிவிட்டே குழிக்கு இடம் குறியுங்கள்.

அவர் கட்டிய வீடொன்றைப் பார்க்கக் கேளுங்கள். அது மாரி கண்ட வீடாக இருக்கட்டும்: புதுப் பெயின்ற் எதையும் மறைக்கும், மாரி மழை எதையும் மறைக்காது.

பிரதேச சபை அனுமதி கிடைத்தபிறகே அத்திவாரம் வெட்டுங்கள்.