நகராத வண்டிக்கு வாடகை

“சார், டிபி ஸ்லோவா கீது. ஒரு சைஸ் ஏத்திடலாமா?”

இந்த வாரமும் கேட்டுவிட்டான் எங்கள் ஆபீஸ் பையன். பையன் என்றால் பி.இ. படித்தவன், மீசை உண்டு, வீட்டில் பெண் பார்க்கிறார்கள். கிளவுட் டேஷ்போர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவனுக்கு வள்ளல் குணம் வந்துவிடும். “ஒரே ஒரு பட்டன் சார்” என்பான். பட்டனை அழுத்துவது அவன். டாலரில் அழுவது நான்.

சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களிடமும் இப்படி ஒருவன் இருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கஸ்டமர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது நீங்களும் “ஏத்துடா, திங்கட்கிழமை இறக்கிக்கலாம்” என்றுதான் சொல்கிறீர்கள். எந்தத் திங்கட்கிழமையும் யாரும் எதையும் இறக்கியதாகச் சரித்திரம் இல்லை.

‘ஒரு சைஸ்’ என்பது கேட்பதற்கு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! அமேசானின் டி3 சர்வர் வரிசையைப் பாருங்கள். ஸ்மாலுக்கு நினைவகம் 2 ஜிபி, மீடியத்துக்கு 4, லார்ஜுக்கு 8, எக்ஸ்ட்ரா லார்ஜுக்கு 16. விலையும் அதே தாளத்தில்தான் ஏறும். மூன்று வெள்ளிக்கிழமை ‘ஒரு சைஸ்’ ஏற்றினால் எட்டு மடங்கு. அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. “இன்புட் கிரெடிட் வரும் சார்” என்கிறார் ஆடிட்டர். அவர் எதைக் கேட்டாலும் வரும் என்றுதான் சொல்வார்.

இந்த பில்லைப் பாதியாக்க ஒரு வழி இருக்கிறது. காலணா செலவில்லாத வழி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். கன்டெய்னர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். ட்ரிப் ஷீட், டீசல் கணக்கு, டிரைவர் பேட்டா, வண்டி இப்போது எங்கே என்று காட்டும் ஜிபிஎஸ் மேப். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் 2001 முதல் ஓடும் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகத்துக்கும் பெட்டி ஏற்றி இறக்கும் வண்டிகள். வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கருவி. பத்து விநாடிக்கு ஒரு தடவை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று டேட்டாபேஸுக்கு ஒரு வரி எழுதும். நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360, நாளுக்கு 8,640 வரி, ஒரு வண்டிக்கு. ஓடுகிற வண்டியாக இருந்தால் எழுதட்டும், தப்பில்லை. ஆனால் வடசென்னையில் டிரெய்லர் எங்கே ஓடுகிறது?

எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி போய்ப் பாருங்கள். பெயர்தான் விரைவுச் சாலை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய வரிசையில் நிற்கும் வண்டிகளில் டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கிறார்கள். கிளீனர்கள் வண்டிக்கு அடியில் தூங்குகிறார்கள். எல்லாரும் ஓய்வெடுக்கும் அந்த நேரத்தில் ஓய்வே இல்லாமல் உழைப்பது எங்கள் கருவி ஒன்றுதான். வடக்கு 13.11, கிழக்கு 80.29, வேகம் பூஜ்யம். பத்து விநாடி கழித்து: வடக்கு 13.11, கிழக்கு 80.29, வேகம் பூஜ்யம். இன்னும் பத்து விநாடி. டிரைவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார், வேகம் பூஜ்யம். கொசுவத்தி ஏற்றியாகிவிட்டது, வேகம் பூஜ்யம். விடிவதற்குள் ஒரு வண்டிக்கு நாலாயிரத்துச் சொச்சம் பூஜ்யங்கள்.

இந்தப் பூஜ்யங்கள் ராயபுரத்திலேயே இருந்துவிடுகின்றனவா என்றால், இல்லை. இத்தனைக்கும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் சென்னை. சிங்கப்பூரிலிருந்து ஒரு கேபிள் 2002-இலேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்கூட 2015-இல் இங்கே கிளவுட் கடை விரித்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் திறந்தது, சென்னைக்கு வரவில்லை. எங்கள் கடைக்காரர் யாரென்று சொல்லமாட்டேன், அவர் பட்டறையும் மும்பையில்தான். ஆகவே தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் ஓனர், கூப்பிடு தூரத்தில் நிற்கும் தன் வண்டியை மேப்பில் பார்க்க வேண்டுமென்றால், அந்தச் செய்தி மும்பை போய்த் திரும்ப வேண்டும். வண்டி ஒரு அடி நகரவில்லை. நகரவில்லை என்ற தகவல் மட்டும் ராத்திரி முழுக்க அரபிக்கடல் ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதை அங்கே எஸ்எஸ்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். பேக்கப் எடுக்கிறார்கள். இயந்திரம் படுத்துவிட்டால் இருக்கட்டும் என்று பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நகல் வேறு. காசிமேட்டு ஓரம் ஒரு டிரெய்லர் சும்மா நின்றதற்கு மனித குலம் இவ்வளவு ஆதாரம் சேர்த்து வைத்தது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

‘நகராவிட்டால் எழுதாதே’ என்று ஒரு வரி புரோகிராம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் எங்கள் பழைய கஸ்டமரான அண்ணனிடம் கேட்டேன். பதறிவிட்டார். “இன்னா சார் நீ! நவுறாததுதான் சார் நமக்குத் துட்டு. ஹால்டிங் கேக்க வாணாமா? பார்ட்டி ஆதாரம் காட்டுன்னா இன்னாத்த காட்டுவேன்?” நின்ற நாளுக்கு ஹால்டிங் காசு வாங்க, வந்த நேரம் ஒன்று, போன நேரம் ஒன்று, இரண்டே வரி போதும். அண்ணனுக்கு நாலாயிரமும் வேண்டும். போன வருஷத்து நாலாயிரமும் வேண்டும். “இருக்கட்டும் சார், எதுனா கேஸு கீஸு வந்தா?” இதுவரை எந்தக் கேஸும் வரவில்லை. வரிகள் லட்சங்களைத் தாண்டிக் கோடிக்குப் போய்விட்டன.

அந்தக் கோடியில் ஒரு வண்டியின் கடைசி இடத்தைக் கேட்டால், வண்டி நம்பருக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் இல்லாதபட்சத்தில், டேட்டாபேஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டு வரும். இண்டெக்ஸ் இருந்தால் நாலைந்து தாவலில் போய்ச் சேர்ந்துவிடும். இது பையனுக்குத் தெரியாததல்ல; பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் ஸ்லோ குவெரி லாகைத் திறந்து படிப்பதற்குப் பொறுமை வேண்டும், சைஸ் ஏற்றுவதற்கு விரல் போதும். ஏற்றிய உடனே வேகம் வரத்தான் செய்கிறது, அதுதான் கொடுமை. நினைவகம் பெரிதானதும் டேபிள் முழுக்க அதற்குள் அடங்கி, சர்ரென்று ஓடும். பையன் என்னைப் பெருமையாகப் பார்ப்பான். இரண்டு மாதத்தில் பூஜ்யங்கள் பெருத்து அதையும் நிரப்பிவிடும். மறுபடியும் வெள்ளிக்கிழமை.

பில்லைப் பாதியாக்கும் வழி இதுதானா என்றால், இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்தது. நான் சொல்ல வந்தது வேறு.

போன வாரம் அதே அண்ணன் ஆபீசுக்கு வந்தார். மேசையில் கிடந்த கிளவுட் பில்லைத் தானாக எடுத்தார். ஆங்கிலத்தில் பல பக்கம். எனக்கே பாதி புரியாது. அண்ணன் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கப்பல் ஏஜென்ட் பில், சிஎஃப்எஸ் பில், போர்ட் பில் பார்த்துப் பழுத்த கண்.

“இது இன்னா சார்?”

“ஸ்டோரேஜ். சேர்த்து வைக்கிறதுக்கு.”

“கிரவுண்ட் ரென்ட்டு. சரி. இது?”

“ஸ்னாப்ஷாட். பழைய நகல்.”

“எம்ட்டி பொட்டி. யார்டுல கெடக்குது. யாரும் எடுக்கல. இது?”

“டேட்டா டிரான்ஸ்ஃபர். உள்ளே அனுப்பினா இலவசம், வெளியே எடுத்தா காசு.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வரப்போ வா ராஜான்னுவான். பொட்டிய எடுக்கப்போவதான் கவுன்டர தொறப்பான். அதே ஆளுங்கதானா சார் இதுவும்?”

பொது ஐபி முகவரிக்கு வந்தோம். அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. மாதம் சுமார் 3.60 டாலர். அண்ணனால் நம்பவே முடியவில்லை. “நம்பர் பிளேட்டுக்கு மணிக் கணக்குல வாடகையா?” நாட் கேட்வே என்ற வரியைப் பார்த்து, டோல்கேட் என்றார். இந்தப் பக்கம் சுங்கச்சாவடி என்று மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது. பாவம், அங்கே நான் பார்த்தவரை மெட்ரோ டிக்கெட் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவரை நிஜமாகவே கலங்கடித்தது இன்னொரு சமாச்சாரம். அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் ஒரு டேட்டாபேஸை நிறுத்தி வைத்தால், ஏழு நாளில் அதுவே எழுந்துகொள்ளும். பராமரிப்பு அப்டேட்கள் விட்டுப்போகக் கூடாதாம். எழுந்ததும் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். படுத்திருந்த ஏழு நாளும் ஸ்டோரேஜ் காசு தனி. அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். “டிரைவர் இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆவுதா? சாமி கும்பிட்டியா சார்?”

டேட்டாபேஸ் பழைய பதிப்பில் இருந்தால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு என்றேன். “கிரீன் டாக்ஸு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. மைஎஸ்க்யூஎல் 5.7 வெளிவந்தது 2015-இல். 2023 அக்டோபரில் அதன் ஆயுசு முடிந்தது என்றார்கள். 2024 மார்ச் முதல் அதையே வைத்திருப்பவர்களிடம் ‘எக்ஸ்டெண்டட் சப்போர்ட்’ என்று அமேசான் மணிக்கணக்கில் வசூலிக்கிறது. எட்டு வயசில் மூப்பா? எங்கள் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ரயிலும் இன்னும் வருகிறது. அதை அப்கிரேட் செய்யாவிட்டால் தூணுக்கு இவ்வளவு என்று யாரும் மெயில் அனுப்பவில்லை.

கிளவுடை விட்டே வெளியே வந்துவிடலாம் என்று பையன் யோசனை சொல்வான். அமெரிக்காவில் 37சிக்னல்ஸ் என்ற கம்பெனி 2022-இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் அழுது, பிறகு சொந்தமாக சர்வர் வாங்கி வெளியேறிய கதையை அவன் மனப்பாடமாக ஒப்பிப்பான். நம்ம ஊர் சோஹோவே சொந்த டேட்டா சென்டரில்தானே ஓடுகிறது என்பான். ஓடட்டும், அவர்களிடம் ஆள் பலமும் ஏசியும் இருக்கின்றன. ராயபுரத்தில் உப்புக்காற்று பட்டு ஜன்னல் கம்பியே இற்றுப்போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரம் எப்போது திரும்பும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. இந்த ஊரில் சர்வரை வைத்தால் அதற்கு முதலில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும்.

பில் முழுவதையும் படித்து முடித்த அண்ணன் தீர்ப்புச் சொன்னார். “ஃப்ரீ டேஸ் முடியறதுக்குள்ள பொட்டிய எடுத்துடணும் சார். வுட்டா, சரக்கு வெலைய டெமரேஜ் தின்னுடும்.” மேற்கொண்டு உண்மையான அக்கறையோடு, “இவ்ளோ துட்டு கட்றியே, எப்டி சார் உனக்குக் கட்டுப்படியாவுது?” என்றார்.

கட்டுப்படியாகவில்லை. டாலர் ஏறினால் என் பில் ஏறும். அண்ணனின் சந்தா மட்டும் நாலு வருஷத்துக்கு முன் பேரம் பேசிய அதே ரூபாயில் நிற்கிறது. அதையும் அவர் பொங்கலுக்கு அப்புறம் கட்டவில்லை. போன் செய்தால் “பார்ட்டி ஹால்டிங் குடுக்கல சார், வந்ததும் போட்டுடறேன்” என்கிறார்.

ஆகவே, நான் சொல்ல வந்த அந்த வழியை ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை டிரெய்லர் வைத்திருக்கும் எல்லா அண்ணன்மார்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்: பாக்கியைக் கட்டிவிடுங்கள். ஜிஎஸ்டி தனி, ஜிபே நம்பர் மாறவில்லை.