மூணு மணி நேரத்து மைனர்

இடம்: மதுரை விளக்குத்தூண் பக்கம், ஒரு சந்துக்குள் இருக்கும் தையல் கடை.

பேசுவோர்: சொக்கலிங்கம் – தையல் கடைகள் புதுமண்டபத்தில் இருந்த காலத்திலிருந்து மெஷின் மிதிக்கும் கோட்டு டெய்லர். கார்த்திக் – அவருடைய அக்கா மகன்; பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை; ஆவணியில் கல்யாணம்.

கார்த்திக்: மாமா, ரிசப்ஷனுக்குக் கோட்டு பார்த்துட்டேன். நேவி புளூ, மூணு பீஸ். வரியோட 23,600 ரூபாய்.

சொக்கலிங்கம்: எவ்வளவு நேரம் போடப் போற மாப்ள?

கார்த்திக்: ஏழு மணிக்கு மேடை ஏறுனா பத்து மணிக்கு இறங்கிருவேன்.

சொக்கலிங்கம்: அப்ப மணிக்கு 7,866 ரூபாய்ச் சொச்சம். பெங்களூருல உனக்கு மணிக்கு எவ்வளவு குடுக்குறாங்க?

கார்த்திக்: அதை ஏன் மாமா இப்பக் கேட்டுக்கிட்டு...

சொக்கலிங்கம்: சரி, கேக்கல. இதே மாதிரி கோட்டு கீழவாசல் பக்கம் வாடகைக்கு இருக்கு. 3,000 ரூபாய். டையும் மேல்பாக்கெட்டுல சொருகுற கர்ச்சீப்பும் அதுலயே அடக்கம். அட்வான்ஸ் 5,000, கோட்டைத் திருப்பிக் குடுத்ததும் கைக்கு வந்துரும்.

கார்த்திக்: வாடகைக் கோட்டா? அடுத்தவன் வேர்வை மாமா அது!

சொக்கலிங்கம்: பெங்களூருல நீ படுக்கிற கட்டில் யாரோடது?

கார்த்திக்: மாச வாடகை.

சொக்கலிங்கம்: மெத்தை?

கார்த்திக்: கட்டிலோட சேர்த்துத்தான் தருவாங்க.

சொக்கலிங்கம்: பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, வீடு?

கார்த்திக்: எல்லாமே வாடகைதான் மாமா. எங்க தலைமுறை பொருளைச் சேர்க்காது, அனுபவிச்சுட்டு விட்டுரும்.

சொக்கலிங்கம்: அடுத்தவன் படுத்த மெத்தையில எட்டு மணி நேரம் தூங்குற. அடுத்தவன் போட்ட கோட்டுல மூணு மணி நேரம் நிக்க முடியாதாக்கும்!

கார்த்திக்: கோட்டு வேற மாமா. அது ஒரு சொத்து.

சொக்கலிங்கம்: கடை வாசலைத் தாண்டினதும் பாதி விலைக்கு எவனாவது கேப்பானா?

கார்த்திக்: ஏன் கேக்க மாட்டான்? 2015-ல ஒபாமா வந்தப்போ மோடி போட்டிருந்த கோட்டை அடுத்த மாசமே சூரத்துல ஏலம் விட்டாங்க. 4 கோடியே 31 லட்சத்துக்குப் போச்சு!

சொக்கலிங்கம்: அதுல கோடு கோடா அவரு பேரையே நெய்திருந்தாங்க, ஏலத்துல எடுக்கவும் ஆளு இருந்துச்சு. உன் கோட்டுல உன் பேரை நெய்தா, ஏலத்துக்கு உங்க ஆத்தாகூட வர மாட்டா.

கார்த்திக்: காந்தியே லண்டன்ல கோட்டு வாங்குனவரு மாமா.

சொக்கலிங்கம்: ஆமா. பாண்ட் தெருவுல பத்துப் பவுண்டு குடுத்து ராத்திரி விருந்துக்குப் போடுற உடுப்பு தைச்சுக்கிட்டாரு. அது வீண் செலவுன்னு சத்தியசோதனையில அவரே எழுதி வச்சிருக்காரு. 1921 செப்டம்பர் 22-ல நம்ம மேலமாசி வீதியில தங்கியிருந்தப்பதான் எல்லாத்தையும் உதறிட்டு அரைத்துணிக்கு மாறுனாரு. கவர்மென்ட்டும் அதே செப்டம்பர் 22-ஐத்தான் பிடிச்சுச்சு, 2025-ல. அன்னையில இருந்து 2,500 ரூபாய்க்கு மேல போற ரெடிமேடு உடுப்புக்கு ஜி.எஸ்.டி. 12-ல இருந்து 18 சதவீதம். உன் 23,600-ல 3,600 வரிக்கே போகுது. வாடகைக் கோட்டையே அந்தக் காசுல எடுத்துட்டு, மிச்சத்துல மண்டபத்து வாசல்ல எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் குடுக்கலாம்.

கார்த்திக்: காசு கிடக்கட்டும், கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல? வாடகைக் கோட்டுன்னா நாலு பேரு என்ன சொல்வாங்க?

சொக்கலிங்கம்: கோட்டைக் கண்டுபிடிச்ச ஊர்க்காரனே வாடகைக்கு எடுத்துப் போடுறான் மாப்ள. மோஸ் பிரதர்ஸ்னு லண்டன்ல பழைய கடை. நொடிச்சுப் போன பங்குத் தரகர் ஒருத்தரு, விருந்துகள்ல பாடப் போகும்போதெல்லாம் கடைக்கார சிநேகிதர்கிட்ட ஓசியில கோட்டு வாங்கிட்டுப் போவாராம். பார்த்துப் பார்த்துச் சலிச்ச கடைக்காரரு, இனிமே வாடகைன்னுட்டாரு. 1897-ல ஆரம்பிச்ச தொழிலு. இன்னைக்கும் அங்க மாப்பிள்ளையும் மாப்பிள்ளைத் தோழனும் வாடகைக் கோட்டுலதான் நிக்கிறாங்க. வெள்ளைக்காரனுக்குப் போகாத கௌரவம் உனக்குப் போயிருமோ?

கார்த்திக்: வாடகைக் கோட்டோட லட்சணம் எனக்குத் தெரியாதா? என் சிநேகிதன் ஒருத்தன் போட்டான். தோள் அங்கிட்டு நிக்குது, அவன் இங்கிட்டு நிக்கிறான். முதுகுப் பக்கம் முழுக்க ஊக்கு. முன்னால இருந்து பார்த்தா மாப்பிள்ளை, பின்னால இருந்து பார்த்தா முள்ளம்பன்றி.

சொக்கலிங்கம்: ரிசப்ஷன்ல முதுகை யாருப்பா பார்க்கிறா? போட்டோக்காரன் முன்னாலதான நிக்கிறான்.

கார்த்திக்: உள்பாக்கெட்டுல கையை விட்டா முந்தின மாப்பிள்ளையோட மொய்க் கவர். அதுவும் காலிக் கவர்! கல்யாணம் முடிஞ்ச மறுநாள் காலையில அவன் மறுவீட்டுக்குப் போறதா, கோட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறதா? ஒரு நாள் தாமதத்துக்கு ஐநூறு. கையில சந்தனக் கறைன்னு அட்வான்ஸ்ல ஆயிரம் பிடிச்சுட்டான். தாலி கட்டுற வீட்டுல சந்தனம் படாம இருக்குமா மாமா?

சொக்கலிங்கம்: அது கடைக்காரன் வச்சிருக்கிற கண்ணி. நான் இல்லேங்கல. எடுக்கும்போதே நாலு பக்கமும் போனுல படம் பிடிச்சு வச்சுக்கணும். கோட்டைக் கழட்டிக் குடுக்க ஒரு மச்சினனைப் பொறுப்பாப் போடணும். தோளு சரியா இருக்கிறதை மட்டும்தான் எடுக்கணும். கை நீளம், இடுப்பு, பேன்ட்டு உயரம் எல்லாம் நான் பார்த்துருவேன். தோளைத் தொட்டா கோட்டையே பிரிச்சுத் தைக்கணும்.

கார்த்திக்: இவ்வளவு ரோதனைக்குச் சொந்தமா வாங்கிட்டா, காலத்துக்கும் பீரோவுல இருக்கும்ல?

சொக்கலிங்கம்: இருக்கும். நீதான் அதுக்குள்ள இருக்க மாட்ட. ஒரு மாச விருந்து, அப்புறம் தலை தீபாவளி. பொங்கலுக்கு அந்தப் பட்டனைப் போட்டுக் காட்டு, பார்ப்போம். நாங்க தைக்கிற கோட்டுல தையலுக்கு உள்ள கொஞ்சம் துணி விட்டுவைப்போம், பிரிச்சு விட்டுக்கலாம். ரெடிமேடுல அந்த அளவுக்குத் துணி இருக்காது. அதுலயும் பாதிக் கோட்டுல நெஞ்சுக்குள்ள ஒட்டுத்துணியைச் சூடு வச்சு ஒட்டியிருப்பான். நாளாவட்டத்துல டிரைவாஷ் பட்டுப் பட்டுப் பசை விட்டுச்சுன்னா அம்மை போட்ட மாதிரி கொப்புளிச்சிரும்.

கார்த்திக்: அப்ப கோட்டே யாரும் வாங்கக் கூடாதுங்கிறீங்களா?

சொக்கலிங்கம்: போட்டுத் தேய்க்கிறவன் வாங்கணும். வக்கீல் வாங்கணும், ஓட்டல் மேனேஜர் வாங்கணும். அவனும் மூணேகால் மீட்டர் துணி எடுத்து, உள்ள கேன்வாஸ் வச்சுத் தைச்சுக்கணும். உன் கணக்கு என்ன? 23,600-ஐ 3,000-த்தால வகுத்தா கிட்டத்தட்ட எட்டு. எட்டுத் தடவை மாப்பிள்ளையா நிக்கிற யோசனை இருந்தா சொல்லு, இப்பவே போய் வாங்கிருவோம்.

கார்த்திக்: ஆபீஸ் பார்ட்டி, இன்டர்வியூவெல்லாம் இருக்கே.

சொக்கலிங்கம்: உன் இன்டர்வியூ வீடியோவுலதான நடக்குது? போன தடவை மேல சட்டையும் கீழ கைலியுமா உக்கார்ந்திருந்தன்னு அக்கா சொல்லிச்சு.

கார்த்திக்: அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. அது இருக்கட்டும், கோட்டு தைச்சுப் பிழைக்கிற நீங்க எதுக்கு என்னை வாடகைக் கடைக்குத் தள்ளுறீங்க?

சொக்கலிங்கம்: (கத்தரிக்கோலைத் துடைத்தபடி) ஒரு கோட்டு தைச்சா எனக்கு ஒரு தடவை கூலி. அதே கோட்டு வாடகைக்கு ஓடுனா, ஒல்லி மாப்பிள்ளைக்குப் பிடிக்கணும், அடுத்த முகூர்த்தத்துல குண்டு மாப்பிள்ளைக்குப் பிரிக்கணும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூலி. கீழவாசல் கடைக்கு ஆல்டரேஷன் பூரா நான்தான்.

கார்த்திக்: அதானே பார்த்தேன்! இவ்வளவு நேரம் காந்தி, லண்டன்னு சொன்னதெல்லாம் உங்க கமிஷனுக்கா?

சொக்கலிங்கம்: நான் என் பையைப் பார்த்துப் பேசுறேன், ஒத்துக்கிறேன். நீ யாரு பையைப் பார்த்துப் பேசுற? 23,600 யாரு காசு?

கார்த்திக்: அது வந்து... மாப்பிள்ளைக் கோட்டு பொண்ணு வீட்டுல எடுக்கிறதுதானே முறை.

சொக்கலிங்கம்: அப்படிச் சொல்லு! மாமனார் காசுன்னா கோட்டு சொத்தாயிருது. உன் காசா இருந்தா 3,000-ஏ அதிகம்னு என்கிட்ட பேரம் பேசியிருப்ப.

(கார்த்திக்கின் போன் ஒலிக்கிறது. வாட்ஸப்பைப் படிக்கிறான்.)

கார்த்திக்: மாமனார்தான். "மாப்பிள்ளை, நாங்க எடுத்தா உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ. கோட்டுக்காக உங்க கணக்குல 25,000 போட்டுருக்கோம். இஷ்டப்பட்டதை எடுத்துக்கங்க."

சொக்கலிங்கம்: நல்ல மனுசன். கிளம்பு, அந்த நேவி புளூவை எவனும் கொண்டு போயிறப் போறான்.

கார்த்திக்: மாமா... கீழவாசல் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?

சொக்கலிங்கம்: அடுத்தவன் வேர்வைப்பா!

கார்த்திக்: டிரைவாஷ் பண்ணித்தானே தருவாங்க.

சொக்கலிங்கம்: சொத்துன்னியே?

கார்த்திக்: 22,000 மிச்சம் மாமா. அது சொத்து இல்லையா?

சொக்கலிங்கம்: மேடையில மாமனாரு காலரைத் தொட்டுப் பார்த்து, எங்க எடுத்ததுன்னு கேட்டா?

கார்த்திக்: பெங்களூருல எடுத்ததுன்னு சொல்லிருவோம்.

சொக்கலிங்கம்: தாராளமாச் சொல்லு. ஆனா காலருக்கு உள்பக்கம் கடைக்காரன் மார்க்கர்ல நம்பர் எழுதியிருப்பான். அதை மறைக்க ஒரு லேபிள் வச்சுத் தைக்கணும். பெங்களூரு எதுக்கு, என்கிட்ட லண்டன் லேபிளே கிடக்கு.

கார்த்திக்: அதுக்கு எவ்வளவு மாமா?

சொக்கலிங்கம்: சாதா மாப்பிள்ளைக்கு இருநூறு. 22,000 மிச்சம் பிடிச்ச மாப்பிள்ளைக்கு இரண்டாயிரம்.